துவையல் டின்னும் மருதாணி டின்னும்

எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மருதாணி அரைச்சு எடுத்துட்டு வரணும்.

அறுபதுகள்ல நடந்தது இது. போர்ட் பிளேர்ல, ஷாதிபூர்ல எங்க வீடு. ஷாதின்னா இந்தியில கல்யாணம். எனக்குத் தெரிஞ்ச இந்தியில பாதி அந்த ஊர்ப் பேரோட முடிஞ்சுது. மீதி, மீன் பேரம் பேசப் போதும்.

அடுத்த வீட்டு செசிலிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ராயப்பன் தூத்துக்குடிக்காரர். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் போட்டோவுல மட்டும்தான் பார்த்திருக்காங்க. மெட்ராஸ்ல கப்பல் ஏறிட்டாருன்னு தந்தி வந்தாச்சு. திங்கட்கிழமை வந்துருவாரு.

அதுக்கு முன்னால சனி ஞாயிறு செசிலியைக் கூட்டிட்டு லாங் ஐலண்ட் போய், அவ அக்கா வீட்டுல ஆட்டம் போட்டுட்டு வரலாம்னு நானும் மங்கையும் முடிவு பண்ணோம். மங்கை எதிர்வீட்டு கிளார்க் பொண்ணு. இந்தி அவளுக்குத் தண்ணி பட்ட பாடு.

"கல்யாணப் பொண்ணு கை செவக்க வேண்டாமா? பிலோமி, மருதாணி உன் பொறுப்பு"ன்னா மங்கை.

அரைச்சேன். டின்ல போட்டு மூடினேன். சனிக்கிழமை காலையில போட்டுக்கு நேரமாச்சுன்னு டின்னைத் தூக்கிட்டு ஓடினேன்.

லாங் ஐலண்ட் போய்த் தெறந்தா வாசனை வேற மாதிரி இருக்கு. மங்கை விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பார்த்தா.

"புளி கொஞ்சம் தூக்கல். மத்தபடி நல்ல கறிவேப்பிலைத் துவையல்."

எங்க வீட்டுல ஒரே மாதிரி ரெண்டு டின்.

"அப்போ மருதாணி எங்கட்டி?"ன்னா செசிலி.

"அடுப்படியில, துவையல் இருந்த எடத்துல பத்திரமா இருக்கும்"னேன். அவ முகம் தொங்கிப் போச்சு. என்னால பார்க்க முடியல. அக்கா வீட்டுக்குப் பின்னால தேக்கங்கன்னு வரிசையா நின்னுச்சு. தேக்குக் கொழுந்தைக் கசக்கினா ரத்தம் மாதிரி செவக்கும், எனக்குத் தெரியும். "இதுக்கா அழுத?"ன்னு ஒரு மடி நிறையப் பறிச்சு, நசுக்கி, மூணு பேர் கையிலயும் அப்பிவிட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கிட்டேன்.

காயட்டும்னு சாயங்காலம் கடற்கரையில போய் உக்காந்தோம்.

அந்த மணல்ல ஒரு பொடிப்பூச்சி உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கடிச்சாத்தான் தெரியும். கடிச்சுது. சொறிஞ்சோம். சாயம் காயாத கையால நெத்தி, கன்னம், கழுத்து, ஒரு எடம் விடாம சொறிஞ்சோம்.

ஞாயித்துக்கிழமை காலையில அக்கா எங்க மூஞ்சியைப் பார்த்துட்டு, காப்பித் தம்ளரைக் கீழ வச்சுட்டா. வீங்கி வீங்கி, செகப்பு செகப்பா, மூணு பேரையும் அடையாளம் தெரியல. கழுவக்கூட நேரமில்ல. போட்டை விட்டா அடுத்த வாரம்தான்.

அக்கா கல்யாணப் பரிசா மரத்துல செதுக்கின ஒரு மாதா சுரூபம் கொடுத்தா. அதைத் துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு செசிலி போட்ல உக்காந்தா. அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. டின்னை விட்டுட்டேன்.

"எங்கம்மா என்னைக் கொன்னுருவா மங்கை"ன்னேன். பாவம், அவ எடுத்துட்டு வர ஓடினா. இந்தி தெரிஞ்ச ஒரே ஆளை நானே அனுப்பி வச்சேன்.

போட் ஓட்டுற சராங்கு வந்தாரு. எங்களைப் பார்த்தாரு. ஒரு அடி தள்ளி நின்னு, "மாதா ஆயா க்யா?"ன்னாரு.

மாதா வந்திருக்கான்னு கேக்குறாரு. துண்டுக்குள்ள மாதா தலை தெரியுதே, அதான் கேக்குறாருன்னு நெனச்சேன். பெருமையா, "ஹாங் ஜி, ஆயா"ன்னேன்.

"கிஸ்கோ?"

யாருக்காம். மாதா எல்லாருக்கும் பொதுதானே. "சப்கோ"ன்னேன்.

அவரு இன்னும் ரெண்டு அடி பின்னால போனாரு. கூச்சப்படுறாருன்னு நெனச்சு, நானே சொன்னேன். "ஆப்கோ பீ ஆயேகா. கர் மே சப்கோ ஆயேகா." உங்களுக்கும் வருவா, வீட்டுல எல்லாருக்கும் வருவா.

தொப்பியைக் கழட்டிக் கும்பிட்டாரு. என்ன பக்தின்னு உருகிப் போனேன். கும்பிட்ட கையோட எங்களை எறங்கச் சொன்னாரு. எங்க பையை ஒரு மூங்கில் கழியால படகுத்துறை ஜெட்டிக்குத் தள்ளிவிட்டுட்டு, போட்டை எடுத்துட்டுப் போயிட்டாரு.

மங்கை டின்னோட மூச்சு வாங்க வந்து நின்னா. நடந்ததைச் சொன்னேன்.

தலையில அடிச்சுக்கிட்டா. "மக்கே, நாம அம்மைன்னு சொல்றோம்ல, அதைத்தான் அவங்க மாதாம்பாங்க. அவர் வீட்டுக்கே அம்மை வரும்னு சொல்லியிருக்க."

செசிலி அழ ஆரம்பிச்சா. "இந்நேரம் ஊரு பூரா தெரிஞ்சிருக்கும். நாளைக்கு அவிய வந்து எறங்கினதும் இதைத்தான் சொல்லுவாவ. வந்த கப்பல்லயே திரும்பிப் போயிருவாவ பிலோமி."

அவளை இழுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்கே திரும்பினோம். சோப்புப் போட்டுத் தேச்சதுல சாயம் எல்லாம் ஓடிருச்சு, கையில இருந்ததும் சேர்த்து. வீக்கம் மட்டும் அப்படியே இருந்துச்சு.

செசிலியோட அத்தான் கெஞ்சிக் கூத்தாடி, மறுநாள் மரம் இழுத்துட்டுப் போற லாஞ்சில எடம் பிடிச்சுக் கொடுத்தாரு. சாயங்காலம் போர்ட் பிளேர் ஜெட்டியில எறங்கினா, ஒரு கூட்டமே தூரமா நிக்குது. பெத்தவங்க உள்பட யாரும் கிட்ட வரல.

ஒரே ஒருத்தர் மட்டும் போட்டோவும் கையுமா நடந்து வந்தாரு. மூணு வீங்கின மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு.

"இதுல செசிலி யாருங்க?"

அவ மெதுவாக் கையைத் தூக்கினா.

"பயப்படாதிய. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மை குத்திக்கிட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு கையிலயும் குத்தச் சொல்லிட்டேன். பக்கத்துல இருந்து பார்த்துக்கிட ஆள் வேணும்லா."

செசிலி சிரிச்சுக்கிட்டே அழுதா. இது அம்மை இல்ல, பூச்சிக்கடின்னு மங்கைதான் சொன்னா. என்னைப் பேசவே விடல.

அடுத்த வாரம் மாதா கோயில்ல கல்யாணம். குத்தின எடம் வீங்கி, மாப்பிள்ளையால ரெண்டு கையையும் தூக்க முடியல. தாலி கட்டுறப்போ நான் பின்னால நின்னு அவர் முழங்கையைத் தூக்கிப் பிடிச்சேன். சாமியார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

எங்கப்பாவைப் பத்திச் சொல்ல மறந்துட்டேன். அம்மா சமையலைக் குறை சொல்ற தைரியம் அவருக்கு எப்பவும் கெடையாது. நாங்க இல்லாத மூணு நாளும், கசக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லாம, அந்த டின்ல இருந்ததைத் தொட்டுக்கிட்டே பழைய சோறு சாப்பிட்டிருக்காரு.

அந்தக் கல்யாணத்துல நல்லா செவந்த கை எங்கப்பாவோடதுதான்.