முத்திரை இல்லாத மூன்று கிலோ

மயிலாப்பூர்,
திங்கட்கிழமை காலை.

மரியாதைக்குரிய மச்சான் அசோகன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் முருகையன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் தேவானையும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை விசாரித்து எழுதவில்லை. நேற்றுப் போனில் நாற்பது நிமிடம் அதைத்தான் கேட்டேன். நீங்கள் பேசுவதும் நான் கேட்பதும் கல்யாணமான நாளிலிருந்து உள்ள ஏற்பாடு, ஆகையால் என் பக்கத்தைச் சொல்ல ஒரு தாளும் பேனாவும் தேவைப்பட்டன. நீங்கள் சொன்னதன் சுருக்கம் இது: “தங்கச்சி பாத்ரூம்ல விழுந்திருக்கா, எலும்பு வலுவில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு, உங்களுக்குப் படிக்கல்லப் பாக்கத் தெரியுமே தவிர பொண்டாட்டியப் பாக்கத் தெரியாது, அடுத்த வாரம் வந்து கூட்டிட்டுப் போறேன், அவ இனிமே திருச்சிலயே இருக்கட்டும்.” மச்சான், கடை கடையாக ஏறி இறங்கி, தராசு சரியா, படிக்கல் சரியா என்று பார்த்து சர்க்கார் முத்திரை அடித்தே முப்பத்தொரு வருடம் ஓட்டியவன் நான். இப்படி ஒரு சொல் யாரிடமும் வாங்கியதில்லை.

நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், பிறகு வருவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். டாக்டர் எலும்பை மட்டும் சொல்லவில்லை, வாரம் மூன்று நாள் வெயிட் தூக்கினால் எலும்பு கெட்டிப்படும் என்றும் சொன்னார். ஆழ்வார்பேட்டையில் ரூஹி என்று ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண், “அங்கிள், ஆன்ட்டி பத்து தடவ தூக்கணும், கடைசி ரெண்டு தடவ கொஞ்சம் கஷ்டமா இருக்கணும், அதான் சரியான வெயிட். பிடி கைக்கு அடங்கணும். வாங்குற வரைக்கும் வீட்டுல இருக்கறத வெச்சு மெதுவா ஆரம்பிங்க” என்றாள். எடை என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே, ரிடையர் ஆனதிலிருந்து சும்மா கிடந்த என் மூளை எழுந்து சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது. மீதியை நான் சரியாகக் கேட்கவில்லை என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

தி.நகரில் ஷரஃபுதீன் என்பவரின் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். நல்ல மனிதர். உருண்டைத் தலை டம்பெல், ஆறு பட்டைத் தலை டம்பெல், ரப்பர் போர்த்தியது, தட்டு மாற்றிப் போடுவது, நாக்கில்லாத கோயில் மணி மாதிரி ஒன்று, எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, முத்திரை எங்கே என்று கேட்டேன். அவர், “சார், இதுல யாரும் பருப்பு நிறுக்கப் போறதில்ல, கைய வெச்சு தூக்கத்தான் போறாங்க” என்றார். மூன்று கிலோ என்று எழுதியிருந்தால் மூன்று கிலோ இருக்க வேண்டாமா? பளபளப்பைப் பார்த்து உருண்டைத் தலையில் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு, கடையில் கொடுத்த அட்டைப்பெட்டியை நம்பாமல் வீட்டு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு 12பி பஸ் ஏறினேன். லஸ் திருப்பத்தில் பை கிழிந்தது. ஒன்று என் செருப்பின் மேல் விழுந்தது, இன்னொன்று உருண்டுகொண்டே டிரைவர் சீட்டு வரை போனது. கண்டக்டர் அதைத் தூக்கி வந்து கொடுத்து, “பெர்சு, இந்த வயசுல இன்னாத்துக்கு இதெல்லாம், வீட்டாண்ட கம்முனு குந்திக்கினு இருக்கலாம்ல” என்றார். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் தெற்கு மாட வீதி முத்தம்மாவின் காய்கறிக் கடைத் தராசில் ஒன்றை வைத்துப் பார்த்தேன். இரண்டு கிலோ எண்ணூற்று முப்பது. எனக்கு உடம்பெல்லாம் பழைய சந்தோஷம் பரவியது. மறுநாளே ஷரஃபுதீனிடம் போய் முழ நீளம் பேசினேன். அவர் அதை வாங்கித் தன் தராசில் வைத்தார், மூன்று கிலோ. யாரை நம்புவது? என்னிடம் நினைவுக்காக வைத்திருந்த முத்திரை போட்ட ஒரு கிலோ கல்லை எடுத்துப்போய் முத்தம்மா தராசில் வைத்தேன், தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று கிராம்தான் காட்டியது. அதாவது, மச்சான், அவள் கிலோவுக்கு அறுபது கிராம் கூடுதலாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறாள். வாங்குகிறவனை ஏமாற்றும் தராசுகளையே பார்த்த எனக்கு, விற்கிறவளை ஏமாற்றும் தராசு அதுதான் முதல். கடமை என்று நினைத்துச் சொன்னேன். “தெர்யாம இருந்த வரைக்கும் நிம்மதியா யாவாரம் பண்ணிக்கினு இருந்தேன் நைனா, இப்ப ஒவ்வொரு கத்திரிக்காய்க்கும் வவுறு எரிது, உன்னை யார் கேட்டா?” என்றாள். அன்றிலிருந்து கறிவேப்பிலை ஓசியில் கிடைப்பதில்லை.

உருளாத ஆறு பட்டைத் தலையாக மாற்றி வரலாம் என்று மறுபடி தி.நகர் போய், ஷரஃபுதீனிடம் மன்னிப்பும் கேட்டு, மாற்றிக்கொண்டு வந்தேன். வாசலிலேயே உங்கள் தங்கை நிறுத்தினாள். “என்னங்க, இன்னைக்கு சனிக்கிழமை. இரும்ப உள்ள கொண்டு வராதீங்க.” உடம்புக்கு மருந்து என்று சொல்லிப் பார்த்தேன். “மருந்து நாளைக்கும் மருந்துதான்” என்றாள். ஆறு கிலோ இரும்பும் ஓர் இரவு மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டியின் காலடியில் கிடந்தது. ஞாயிறு காலை மஞ்சள் குங்குமம் வைத்து உள்ளே அழைத்தாள். ஒரு கையால் எடுத்துப் பத்து தடவை தூக்கினாள், இன்னும் பத்து தூக்கினாள், முகத்தில் வேர்வை கூட இல்லை. “ரொம்ப லேசா இருக்கே” என்று கீழே வைத்தாள்.

விஷயம் என்னவென்றால், நான் தி.நகருக்கும் மாட வீதிக்கும் எடை பார்க்க அலைந்த மூன்று வாரமும், அவள் ரூஹி சொன்னபடி வீட்டில் இருப்பதை வைத்து ஆரம்பித்திருக்கிறாள். முதல் வாரம் பாட்டிலில் அரிசி, அடுத்த வாரம் துணிப்பையில் துவரம்பருப்பு, இப்போது அம்மிக் குழவி. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. அவள் விழுந்த அன்று நான் கதவுக்கு வெளியேதான் நின்றேன், மச்சான். என்னால் அவளைத் தூக்கிவிட முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். எடை, முத்திரை என்று நான் அலைந்ததெல்லாம் அந்தப் பயத்தை மறக்கத்தான்.

ஆகவே தயவுசெய்து அவளை அழைத்துப் போக வராதீர்கள். நான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அவளே தன்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்பதையாவது நம்புங்கள். அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு ஒரு நாள் ஓடாது. உங்கள் வீட்டில் அக்காவுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு எங்கள் இருவர் ஆசியும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் கோபமும் அன்பும் சம எடையில் உள்ள,
முருகையன்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். தேவானை கடிதத்தைப் படித்துவிட்டு, வியாழக்கிழமை திருச்சி ரயிலுக்குத் தானே டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொல்கிறாள். நேற்றுப் போனில் பேசிக்கொண்டே நீங்கள் உங்கள் வீட்டு மாடி ஏறியபோது மூச்சு வாங்கியதை அவள் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாளாம். “அண்ணனுக்கு இப்ப இந்த மூணு கிலோ போதும்” என்று டம்பெல் இரண்டையும் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பெட்டி கட்டுகிறாள். நீங்கள் மூச்சு வாங்காமல் பத்து தடவை தூக்கும் வரை அங்கேதான் இருப்பாளாம். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். “அது அண்ணன் கையில இருக்கு” என்கிறாள். மச்சான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், சீக்கிரம் தூக்குங்கள்.