கல்லா, பழமா?

"இனிமேல் இந்த வீட்டில் ஸ்ட்ராபெரியைக் காசு கொடுத்து வாங்குவதில்லை" என்று ஒரு காலை வேளையில் கண்ணாடிக்காரர் பிரகடனம் செய்தார். அதுவரை அந்த வீட்டில் யாரும் காசு கொடுத்தோ கொடுக்காமலோ ஸ்ட்ராபெரி வாங்கியதில்லை. ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடி விற்பவர், போடுபவர் அல்ல. ஊரில் பாதி மூக்குகளின் மேல் அவர் கடைச் சரக்குதான் உட்கார்ந்திருக்கிறது. அவர் மூக்கு மட்டும் காலி மனை. "எனக்குக் கழுகுக் கண்ணு" என்பார். அந்தக் கழுகு போன மாதம் சவரக் க்ரீமால் பல் தேய்த்தது.

"அதுக்குச் சிரிச்சுட்டேன், போகட்டும்" என்றாள் வீட்டம்மா. "அந்த டீச்சரம்மாவுக்கு வலது லென்ஸை இடதுலயும் இடதை வலதுலயும் மாட்டிக் கொடுத்தீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க? பாவம், படியைத் தாண்டறேன்னு பூனையைத் தாண்டிக்கிட்டிருந்தாங்களாம். இன்னும் ரெண்டு பேர் இப்படிச் சண்டைக்கு வந்தா கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். ஒரு கண்ணாடி போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

"கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண்ணு தெரியலன்னா எதிர்க்கடைக்காரன் சிரிக்க மாட்டான்? எவன் நம்ம கடைக்கு வருவான்?"

"இப்ப வந்தவங்களே திரும்பத் திரும்ப வர்றாங்களே, அது பரவாயில்லையா?"

இது அவர் காதில் விழவில்லை. பார்வைக் கோளாறு வேறு, இது வேறு. இதற்குக் கடையே கிடையாது.

செடிகள் வந்தன. "பழம் மண்ணுல படாம அடியில ஸ்ட்ரா போட்டுடுங்க சார்" என்று நாற்றுக்காரர் சொல்லியிருந்தார். இவர் குளிர்பானம் உறிஞ்சுகிற குழாய்களில் ஒரு கட்டு வாங்கி வந்து, சிவப்பும் மஞ்சளுமாகச் செடியைச் சுற்றிப் பாய் விரித்தார்.

"செடி என்ன, ஜூஸ் குடிக்கப் போகுதா?"

"அவர்தான் ஸ்ட்ரான்னார்."

"வைக்கோலுங்க அது."

உழைப்பில் மட்டும் அவரைக் குறை சொல்ல நாக்கு வராது. விடிந்ததும் நத்தை பொறுக்குவார். சத்தெல்லாம் வீணாகுமே என்று, பக்கத்தில் ஓடுகிற கொடிகளைக் கிள்ளுவார். வெள்ளைப் பூ உதிர்ந்து பச்சைக் காய் எட்டிப் பார்த்தபோது பேரன் பிறந்த மாதிரி தெருவெல்லாம் சொன்னார். தெருவோடு சேர்ந்து குருவிகளும் கேட்டிருக்க வேண்டும். முதல் காய் சிவந்த அன்றைக்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயின.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. கூழாங்கற்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிச் செடியடியில் போட்டால், கொத்திப் பார்த்து அலகு வலித்த குருவி, நிஜப் பழத்தையும் கல் என்றே நினைத்து ஒதுங்கிவிடும். போன வாரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே வீட்டம்மா சொன்னதுதான். அது அவர் மண்டைக்குள் போய், குளித்துத் தலைவாரிக்கொண்டு, அவர் யோசனையாக வெளியே வந்திருந்தது. சாயத்துக்கு அவளுடைய நெயில் பாலிஷ் போதுமானதாக இருந்தது.

பலித்தது. குருவிகள் கொத்தின, தலையை உதறின, போயே போய்விட்டன. பழங்கள் நிம்மதியாகச் சிவந்தன.

"பார்த்தியா? கல்லு எது பழம் எதுன்னு தெரியல அதுங்களுக்கு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நானா? நான் பூசின கல்லு எனக்குத் தெரியாதா?"

"சரி, ஞாயித்துக்கிழமை எங்கண்ணன் வர்றப்ப ஒரு பரீட்சை. தட்டைப் பார்த்துச் சொல்லணும். தப்பாச் சொன்னா அன்னையிலேர்ந்து கண்ணாடி. சரியாச் சொன்னா, ஆயுசுக்கும் கண்ணாடிப் பேச்சை எடுக்க மாட்டேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவருக்கு இப்படி ஒரு பரிசை யாரும் காட்டியதில்லை. உடனே ஒப்புக்கொண்டார்.

மறுநாளே வீட்டம்மா கூழாங்கற்களைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிவப்புக்கு மேல், பல் குத்தும் குச்சியால் மஞ்சள் விதைகள் வைத்தாள். தலையில் பச்சை இலைகூட வரைந்தாள். அவர் எட்டிப் பார்த்தால் முந்தானையால் மூடினாள். மூடுவதற்கு முன், அவர் பார்த்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறன்று மச்சான் சாட்சியாக உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசையில் தட்டு வந்தது. மேலே கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்திருந்தது.

"தொடக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது" என்றாள்.

"அது என்ன சட்டம்?"

"உங்க கடையில சார்ட்டைத் தடவித் தடவிப் படிக்க விடுவீங்களா? தாடையை நேரா வைங்க. கழுத்து பின்னால போகுது பாருங்க."

உள்ளதைச் சொன்னால், அவருக்குத் தெரிந்தது ஒரு சிவப்புக் கலங்கல். கண் கைவிட்டதும் மூளையை நம்பினார். இவள் யார்? பாதி கல், பாதி பழம் என்று வைக்கிற சாதாரணப் பெண்ணா? ரெண்டு நாள் குத்திக் குத்திப் புள்ளி வைத்தவள். முழுத்தட்டும் கல். நான் ஒன்றைப் பழம் என்பேன், அதை என் வாயிலேயே போடுவாள், பல் போகும். அட, கெட்டிக்காரி!

"எல்லாம் கல்லு" என்றார்.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"அத்தனையும் கல்லு. ஏமாற நான் என்ன குருவியா?"

அவள் கிண்ணத்தை எடுத்தாள். மச்சான் ஒரு கல்லை எடுத்துக் கடித்தார். சாறு முழங்கை வரை வழிந்தது.

"கல்லு இனிப்பா இருக்கு மாப்பிள்ளை" என்று அடுத்த கல்லுக்குக் கை நீட்டினார்.

"அப்ப நீ புள்ளி வச்சதெல்லாம்?"

"தோட்டத்துல கிடக்கு. குருவியை ஏமாத்தக் கல்லு வேணும். உங்களுக்கு, நான் கல்லு வைப்பேங்கிற நினைப்பே போதும்."

மச்சான் தட்டைத் துடைப்பதற்குள் கடைசிப் பழத்தை அவள் கைக்குள் எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையால் தயாராக வைத்திருந்த கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டிவிட்டுப் பழத்தை நீட்டினாள். அவர் பார்த்தார். ஒவ்வொரு விதையும் தனக்கென ஒரு சின்னக் குழி தோண்டி உட்கார்ந்திருந்தது. தான் வளர்த்த பழத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இவ்வளவு அழகாவா இருந்துது?"

"இருந்துது. பழத்தைப் பாருங்க, என்னைப் பார்க்காதீங்க."

"பவர் கச்சிதம். எப்படிப் பிடிச்ச?"

"வயசைச் சொன்னேன். எடுத்துக் கொடுத்துட்டாங்க."

"யாரு, நம்ம கடையிலயா?"

அவள் கண்ணாடிக் கூட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். மூடியில் கடுகளவு தங்க எழுத்துகள். புதுக் கண்ணாடியில் அவர் ஓர் எழுத்துகூடத் தடுமாறாமல் படித்தார். எதிர்க்கடையின் பெயர்.