சிவப்புக் கொடியும் இரண்டு மாத்திரையும்

தூக்கத்தை ஆராய்ச்சி செய்கிறவன் நாலு பேர் முன்னால் கொட்டாவிகூட விடக்கூடாது. மற்றவன் கண்ணயர்ந்தால் "பாவம், அசதி" என்பார்கள். நான் கண்ணயர்ந்தால் "சத்தம் போடாதீக, வேலையில இருக்காரு" என்பார்கள். என் மாமனார் வீட்டில் இந்தக் கேலி இன்றுவரை ஓயவில்லை. அதற்கு வழி பண்ணிக் கொடுத்தது சாட்சாத் நானேதான்.

எனக்குச் சொந்த ஊர் கடலாடி. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள், ஊருக்குள் கடல் கிடையாது. கருவேலமும் மிளகாய்க் காடும்தான். மதுரையில் கூடப் படித்த ஜெனிட்டாவுக்கு ஊர் தங்கச்சிமடம். அவள் அப்பா சூசை மாமா வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறவர். பெண் கேட்டு முதல் தடவையாக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நண்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"தம்பி என்ன வேலை பாக்குறீக?"

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். (மேசைக்கடியில் ஜெனிட்டா என் காலை மிதிக்கவும் செய்தாள்.) நான் கேட்டால்தானே! முன்மூளையின் அடிப்பகுதியில் ஒரு நரம்புச் செல் கூட்டம் இருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டேன். அதில் சில செல்கள் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை மூளையின் மேற்பரப்புக்கு அனுப்பி, அதை உசுப்பிக்கொண்டே இருக்கும். அப்போது மூளையின் மின்னலைகள் பொடிப்பொடியாக, வேகமாக ஓடும்; நாம் விழித்திருப்போம். செல்கள் ஓய்ந்தால் அலைகள் பெரிதாகி, மெதுவாக எழும்பி விழும்; அது ஆழ்ந்த தூக்கம்.

"தூங்க வைக்கிற செல்லும் அங்கனயேதான் இருக்கு மாமா. எழுப்புறவனும் தாலாட்டுறவனும் ஒரே தெருவுல குடியிருக்காங்க" என்று தட்டில் நண்டு ஓடுகளை அடுக்கிப் படம்கூடக் காட்டினேன்.

மாமா பொறுமையாகக் கேட்டார். "அப்ப, மனுசன் எப்படி முழிச்சிருக்கான்னு ஒங்களுக்குத் தெரியும்."

"அதுதான் மாமா என் வேலையே."

"நல்லதாப் போச்சு. காலையில நண்டு வலை எடுக்கப் போறோம், வாங்க. கடலுக்கு வராத ஆளுக்கு எப்படிப் பொண்ணக் கொடுக்கிறது? கடல் பழக்கம்தான?"

"கடலாடிக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா மாமா இது?" என்றேன். (சனியன் என் நாக்கில் குடியிருந்த நேரம்.) மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு நண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

உண்மையில் ஊரிலிருந்து ராமநாதபுரம் போகிற பஸ்ஸிலேயே எனக்குக் குமட்டும். வள்ளத்தில் வாந்தி எடுத்தால் ஜெனிட்டா கிடைக்க மாட்டாள். அந்தப் பயத்தில் பொட்டுத் தூக்கம் இல்லை. விடிந்ததும், மெடிக்கலில் வாங்கி வைத்திருந்த வாந்தி மாத்திரையை எடுத்தேன். ஒன்று போதும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பெண் விஷயமாச்சே என்று இரண்டு போட்டேன்.

அந்த மாத்திரை போய் வழிமறிப்பது அதே அசிட்டைல்கோலினைத்தான். ஆய்வகத்தில் எலிக்கு மருந்து கொடுத்து, தூங்குகிறதா என்று உட்கார்ந்து பார்க்கிறவன் நான். அதையே எனக்கு நானே, தண்ணீர் ஊற்றி விழுங்கி, செய்துகொண்டேன். எலியாவது ஒரு கடி கடித்திருக்கும்.

வள்ளத்தில் மாமா, அவர் மகன் ரெக்சன், நான். மாமா என்னை முன்பக்கம் உட்காரவைத்து ஒரே ஒரு வேலை கொடுத்தார். வலை கிடக்கிற இடத்தில் சிவப்புக் கொடி மிதக்கும், ஜெனிட்டா அம்மாவின் பழைய சேலையில் கிழித்தது. அது தெரிந்ததும் சொல்ல வேண்டும்.

"கண்ண மூடாமப் பாருங்க. அது போதும்."

மூடுவேனா? மாத்திரை அற்புதமாக வேலை செய்தது, குமட்டலே இல்லை. வாய் மட்டும் கருவாடாகக் காய்ந்தது. கொடி தெரிந்தது. பிறகு இரண்டு கொடி தெரிந்தது. "மாமா" என்று கூப்பிட்டதாகத்தான் என் ஞாபகம். கூப்பிடவே இல்லையாம்.

மிச்சம் ரெக்சன் சொன்னது. கொடியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்களாம். இழுத்த வலையை இடமில்லாமல் என் மடியிலேயே போட்டார்களாம். ஒரு நண்டு என் சட்டைப் பையைக் கவ்விக்கொண்டு கரைவரை வந்ததாம். "ஏலே, உசுரு இருக்கான்னு பாரு" என்று மாமா பதறிப்போய் என் மூக்கில் விரல் வைக்கச் சொன்னாராம்.

கரையில் ஜெனிட்டா நின்றிருக்கிறாள். என்னைக் கை ஒருபக்கம் கால் ஒருபக்கமாகத் தூக்கி இறக்குவதைப் பார்த்ததும், "ஐயோ, அவர என்னப்பா பண்ணுனீக!" என்று அலறி, செருப்போடு தண்ணீருக்குள் ஓடிவந்து, விட்டாள் பாருங்கள் கன்னத்தில் ஒரு அறை! முன்மூளை, பின்மூளை எல்லாம் ஒருசேர எழுந்து உட்கார்ந்தன. கண்ணைத் திறந்தால், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறாள். மானம் போனது போனதுதான். ஆனால் சந்தோஷமாக இருந்தது. எனக்காக ஒருத்தி இப்படி அழுவாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பையிலிருந்து மாத்திரை அட்டை விழுந்தது. மாமா குனிந்து எடுத்தார்.

"வாந்தி மாத்திரையா? கடலாடியில கடல் இல்லன்னு எனக்குத் தெரியாதாக்கும்? எம்புட்டுத் தூரம் போறீகன்னு பாத்தேன்."

மாமா மகளைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"இவ அழுத அழுகைக்கு இனி என்னத்தப் பேச? ஆக வேண்டியதப் பாருங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு "வாங்க மாப்ளே" கிடையாது. "முழிச்சிருக்கீகளா மாப்ளே" தான். கல்யாணத்தன்று மாதா கோயிலில் பங்குச் சாமியார், ஜெனிட்டாவை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். நான் ஜெனிட்டாவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கோயிலே என் பதிலுக்குக் காத்திருந்தது. முன்வரிசையிலிருந்து மாமா குரல் வந்தது.

"சாமி, எதுக்கும் கன்னத்துல ஒண்ணு போடச் சொல்லுங்க எம்பொண்ண."

நான் "சம்மதம்" என்றேன், சத்தியமாகச் சொன்னேன். கல்யாண வீடியோவில் அந்த இடத்தில் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. வீட்டில் எப்போது சண்டை வந்தாலும் ஜெனிட்டா அந்த வீடியோவைத்தான் போடுவாள்.

"நீங்க சம்மதம் சொல்லவே இல்ல. தூங்கிட்டீக."