நாலாவது விடை

ஜோக் சொல்லி உயிரைக் காப்பாற்றுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அலுவலகங்களில் இவர்களுக்கு 'சேஃப்டி ஆபீசர்' என்று பெயர். எப்படி அடையாளம் காண்பது? தீயணைப்புக் கருவியின் படத்தைத் திரையில் போட்டுவிட்டு, நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிரித்தால்தான் அடுத்த படம்.

வங்காளத்தில், கிடர்பூர் சரக்கு யார்டு ஒன்றில் இருக்கும் குருமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அவரும் விதிகளைத்தான் வாசித்தார். மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு வந்த முப்பது பேரும் வரிசையாகத் தூங்கினார்கள். ஒருநாள், ஹெல்மெட் மாட்டிய தம் மாமனாரின் படத்தைப் போட்டு, 'உள்ளே ஒன்றுமில்லாதவர்களும் அணியலாம்' என்று எழுதினார். முப்பது பேரும் விழித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், ருசி கண்டுவிட்டார்.

கையுறைக்கு ஒரு ஜோக், ஏணிக்கு ஒரு ஜோக். தூக்கிய சுமைக்குக் கீழே ஏன் நிற்கக்கூடாது என்ற கேள்விக்கு இரண்டு தப்பு விடைகளைப் போட்டு, கம்பிவடம் அறுந்தால் சுமை நேராக விழாமல் பக்கவாட்டில் வீசியும் விழலாம், ஆகவே சற்றுத் தள்ளி நின்றாலும் ஆபத்துதான் என்ற சரியான விடையை மூன்றாவதாக எழுதிவிட்டு, கை சும்மா இருக்காமல், 'மேலே இருப்பவர் பான் துப்புவார்' என்று நாலாவதாகவும் ஒன்றைச் சேர்த்தார். கிரேன் ஓட்டும் ஜெயபிரகாஷ் வாய் நிறையப் பானுடன் எழுந்து கும்பிட்டார். கூரை அதிர்ந்தது.

"மூர்த்திதா, ஆர் ஏக்டா!"

மூர்த்தி அண்ணா, இன்னும் ஒன்றாம். கேட்க வேண்டுமா?

துர்கா பூஜைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, சென்னைத் தலைமையகத்திலிருந்து அனந்தகிருஷ்ணன் சோதனைக்கு வந்தார். அவர் பல்லைப் பார்த்தவர் பல் டாக்டர் மட்டும்தான் என்று பேச்சு. ஆட்கள் தப்பாக விடை சொன்னால் குருமூர்த்திக்கு சாந்த்ராகாச்சி கிடங்குக்கு மாற்றல். அங்கே இருப்பது இரண்டே காவலாளிகள். அவர்களும் வேறு வேறு ஷிப்டு. ஜோக் சொல்கிறவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

சரக்கைக் கொக்கியில் மாட்டும் கதிரேசனைக் கூப்பிட்டார் அனந்தகிருஷ்ணன். 'நம்ம தமிழ் ஆள், கைவிட மாட்டான்' என்று குருமூர்த்தி மூச்சுவிட்டார்.

"ஏம்ப்பா, தூக்கின சுமைக்குக் கீழ ஏன் நிக்கக்கூடாது?"

"மேல இருக்கறவரு பான் துப்பிடுவாரு சார்."

"வேற காரணமே இல்லையா?"

"இருந்துச்சு சார், மூணாவதா ஒண்ணு. அதுக்கு யாரும் சிரிக்கல."

அனந்தகிருஷ்ணன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. நோட்டில் நிதானமாக ஏதோ எழுதினார். பிறகு குருமூர்த்தியைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"அந்தப் பான் ஸ்லைடை பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க. அடுத்த வாரம் விசாகப்பட்டினத்துல எனக்கு கிளாஸ். எல்லாம் தூங்கறானுங்க."

"தாராளமா சார்! அப்போ என் சாந்த்ராகாச்சி...?"

"அதுல மாத்தமில்ல. திங்கக்கிழமை சேந்துடுங்க."

குருமூர்த்தியைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு கேள்வி: கம்பிவடம் அறுந்தால் சுமை எப்படி விழும்? மேலே திரும்பிப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

வரவில்லையா? பான் மட்டும் பளிச்சென்று நினைவிருக்கிறதா? அதை நாளைக்கே ஆபீசில் யாரிடமாவது சொல்லிவிட நாக்கு துடிக்கிறதா?

சாந்த்ராகாச்சியில் இன்னொரு ஷிப்டு காலியாக இருக்கிறது.