தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேருக்கு கோபோல் லைசென்ஸ்

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ரொம்ப சாதாரணம். மூணு சாமானுக்கு வெலை கேட்டுக்கினு வரணும். அவ்ளோதான்.

கத்திரிக்கா, தக்காளி, வெங்காயம்னா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். என் நேரம், அது கோபோல், பாஸ்கல், சி. மூணும் கம்ப்யூட்டர் பாஷை.

எண்பதுகளோட கடைசி அது. நான் விழுப்புரத்துல ஒரு பஸ் கம்பெனியில கிளார்க்கு. பதினோரு வண்டி. கோலியனூர் ரோட்ல ஷெட்டு. மொதலாளி பேரு அந்தோணிசாமி. டிரைவரா இருந்து, சொந்தமா ஒரு வண்டி வாங்கி, அதை பதினொண்ணாக்கினவரு. பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் இந்த மூணையும் தூக்கத்துல கேட்டாலும் கரெக்டா சொல்லுவாரு.

மெட்ராஸ்ல யார் பேச்சையோ கேட்டுட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினு வந்துட்டாரு. அதுக்கு ஒரு ரூமு. ரூமுக்கு ஏசி. மூணு மாசத்துல அந்த ரூம்ல நடந்த ஒரே வேலை, டூட்டி முடிச்ச டிரைவருங்க படுத்துக் குறட்டை விட்டதுதான்.

நான் டயர் ஸ்டாக் பாக்கற ஆளு. ஆனா தபால் மூலமா எட்டு மாசம் கோபோல் படிச்சவன். கம்ப்யூட்டர தொட்டதே கெடையாது. புரோகிராம் எல்லாம் லாங் சைஸ் நோட்டுலதான் எழுதுவேன். அது ஓடுமா ஓடாதான்னு தபால்லயே சொல்லிடுவாங்க!

இந்த தெம்புல, பெருமுக்கல்ல எனக்குப் பொண்ணு பாத்தப்ப "கம்ப்யூட்டர் ஆபீசர்"னு சொல்லி வெச்சிருந்தேன். வரப்போற மாமனார் பாக்கறப்ப எல்லாம், "ஏசி ரூமுக்கு எப்ப போறீங்க மாப்ள?"ன்னு கேப்பாரு. நான் டயர் கருப்பு ஒட்டின கைய முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கினு, "ஆர்டர் வந்துக்கினே இருக்குங்க"ம்பேன்.

அந்த சனிக்கிழமை மொதலாளி கூப்ட்டாரு.

"சண்முகம், டிரிப் ஷீட்டு, டீசல் கணக்கெல்லாம் இந்த மிஷின்ல வரணும்னா இன்னாடா பண்ணணும்?"

"புரோகிராம் எழுதணுங்க. அதுக்கு முன்னாடி, எந்த பாஷையில எழுதறமோ அந்த பாஷைய லைசென்ஸோட வாங்கணுங்க."

"பாஷைய காசு குடுத்து வாங்கணுமா? தமிழ்ல எழுதேன். அது சும்மாதானே கெடக்குது."

"அது வேறங்க. இது கோபோல்."

"எந்த கோபாலு? டயர் கடை கோபாலா?"

விளக்கினேன். கோபோல், பாஸ்கல், சின்னு பாஷை மூணு இருக்குதுன்னு கால் மணி நேரம் விளக்கினேன். அவரு பொறுமையா கேட்டுட்டு சொன்னாரு: "எனக்கு ஒரு கோபால் மட்டும் போதாது. மூணு பாஷைக்கும் லைசென்ஸ் எவ்ளோன்னு கேட்டுக்கினு வா. எது கம்மியோ அது. திங்கக்கெழமைக்குள்ள வரலன்னா மிஷின என் மச்சானுக்குக் குடுத்துட்டு, அந்த ரூம்ல பஞ்சர் ஒட்டற செட்டு போட்டுடுவேன்."

ஏசியில பஞ்சர்! மாமனார் மூஞ்சி கண்ணு முன்னாடி வந்துச்சு.

நேரா விழுப்புரத்துலயே இருந்த ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடினேன். போர்டுல டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்டுக்குக் கீழ ஈரம் காயாத பெயின்டுல "கம்ப்யூட்டர்"னு எழுதியிருந்துச்சு. பிலோமினா டீச்சர் உள்ள உக்காந்திருந்தாங்க. இருபது மிஷின் தடதடன்னு ஓடிக்கினு இருந்துச்சு. கத்தித்தான் பேசணும்.

"டீச்சர், பாஸ்கல் எவ்ளோங்க?"

"ஈஸ்டர் பாஸ்காவா? தவக்காலமே இன்னும் ஆரம்பிக்கலயே தம்பி!"

"பாஸ்கா இல்லங்க, பாஸ்கல்! லைசென்ஸ்!"

"லைசென்ஸெல்லாம் இங்க இல்லப்பா. டைப்ரைட்டிங் பரீட்சை லோயர், ஹையர் ரெண்டுதான்."

நான் வாசல் போர்ட காட்டினேன். "கம்ப்யூட்டர் எங்கங்க?"

"இப்போதிக்கு போர்டுதான் வந்திருக்கு"ன்னாங்க.

பாவம், நல்லவங்க. திண்டிவனத்துல குணசேகரன்னு ஒருத்தர் கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்காரு, மெட்ராஸ் கம்பெனி ஒண்ணுக்கு டீலரு, அவருகிட்ட எல்லா பாஷையும் கெடைக்கும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாங்க.

எங்க வண்டியிலயே ஏறி திண்டிவனம் போய் எறங்கினேன்.

மாடியில ஒரு ரூமு. குணசேகரன் என் வயசுக்காரரு. மேஜை மேல ஒரு கம்ப்யூட்டரு, அதுக்கு ரெண்டு ஊதுவத்தி. கடை தெறந்து ஏழு மாசத்துல அவரு வித்தது பிரின்டர் ரிப்பனும் கொஞ்சம் பிளாப்பியும்தான்னு எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது. மாமனார் போட்ட பணத்துல நடத்தறாரு. என்னை மாதிரியே இவருக்கும் ஒரு மாமனார் பயம்.

"விழுப்புரம் பஸ் கம்பெனியில இருந்து வர்றேன். கோபோல், பாஸ்கல், சி மூணுக்கும் லைசென்ஸ் கொட்டேஷன் வேணும்"னு இங்கிலீஷ் கலந்து விட்டேன்.

மனுஷன் எழுந்தே நின்னுட்டாரு. டிராயர்ல இருந்து ஒரு ஃபாரத்த எடுத்தாரு. ஏழு மாசமா யாருமே நிரப்பாத ஃபாரம்.

"சார், ஒரு நேரத்துல மேக்ஸிமம் எத்தன யூசருங்க?"

இங்கதான் ஆரம்பிச்சுது பேஜாரு.

என் தபால் பாடத்துல யூசர்ங்கற வார்த்தையே கெடையாது. "யூசர்னா இன்னாங்க?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கம்ப்யூட்டர் ஆபீசர் கேப்பானா? யோசிச்சேன். யூஸ் பண்றவன் யூசர். பஸ்ஸ யூஸ் பண்றவன் யாரு? பேஸஞ்சரு!

"அம்பத்திரண்டுங்க"ன்னேன்.

"அம்பத்திரண்டா? ஒரே நேரத்துலயா?"

"அது உக்காந்துக்கினு இருக்கறவங்க மட்டுங்க. முகூர்த்த நாள்ல நின்னுக்கினு ஒரு முப்பத்தெட்டு பேரு இருப்பாங்க."

"நின்னுக்கினா!"

"எடம் இல்லன்னா இன்னா பண்றது சொல்லுங்க?"

அவரு ஃபாரத்த ஒரு தடவ மேலயும் கீழயும் பாத்தாரு. அப்பறம் புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டு, "ஸ்டாண்ட்பை யூசர், முப்பத்தெட்டு"ன்னு எழுதிக்கினாரு. "இது ஒரு எடத்துக்கா சார்?"

"ஆமாங்க. அந்த மாதிரி பதினொண்ணு இருக்குது."

"பதினொண்ணும் விழுப்புரத்துலயேவா?"

"ஒரு எடத்துல நிக்குமாங்க? திண்டிவனம், செஞ்சி, புதுச்சேரின்னு ஓடிக்கினே இருக்கும்."

"மல்டி லொகேஷன்!"னு அவரு மெதுவா சொன்னது சாமி பேர சொல்ற மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்பறம் எனக்கு நடந்த மரியாதை இருக்கே! கலர் சோடா வந்துச்சு. என்னை ஃபேனுக்குக் கீழ மாத்தி உக்கார வெச்சாரு. மத்தியானம் மட்டன் பிரியாணி வரவழைச்சாரு. ஒரு ஸ்டாக் கிளார்க்க இப்படியெல்லாம் கவனிக்கறாங்களே, திண்டிவனத்துக்காரங்க எவ்ளோ தங்கமானவங்கன்னு நெனச்சுக்கினே ரெண்டாவது முட்டைய கேட்டு வாங்கி சாப்ட்டேன்.

அவரு பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ரெண்டு போன் பண்ணிட்டு வந்தாரு. ஒண்ணு மெட்ராஸ் மேனேஜருக்கு. இன்னொண்ணு மாமனாருக்கு. வர்றப்ப கண்ணு கலங்கியிருந்துச்சு.

"சார், உங்கள வாழ்க்கையில மறக்க மாட்டேன்"னாரு.

அது மட்டும் உண்மையாவே நடந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அவரு என்னை மறக்கல.

ஒட்டின கவரோட சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தேன். மொதலாளி கவரக் கிழிச்சாரு. படிச்சாரு. கண்ணாடிய கழட்டித் தொடைச்சுட்டு மறுபடியும் படிச்சாரு. அப்பறம் விரல வெச்சு சைபர எண்ணினாரு.

"சண்முகம்."

"மொதலாளி?"

"கோபாலுக்கு முப்பது லட்சம் போட்டிருக்குது."

நானும் எட்டிப் பாத்து சைபர எண்ணினேன்.

"இந்தக் காசுக்கு நான் இன்னும் எட்டு வண்டி வாங்கி, எட்டு டிரைவருக்கும் கல்யாணம் பண்ணி வெப்பேன்டா! அது இன்னா, தொள்ளாயிரத்துத் தொண்ணூறு யூசரு? யாரு அவனுங்க?"

"பேஸஞ்சருங்க, மொதலாளி."

"பேஸஞ்சருக்கு எதுக்குடா லைசென்ஸு? டிரைவருக்குத்தானேடா லைசென்ஸு!"

எட்டு மாசம் தபால்ல படிச்ச எனக்குத் தெரியாதத, அந்த மனுஷன் ஒத்த வரியில சொல்லிட்டாரு. மிஷின ஓட்டறவன்தான் யூசர்னு அப்பவாவது எனக்கு ஒறைச்சிருக்கணும். "கம்ப்யூட்டர்ல அப்படித்தாங்க மொதலாளி, நமக்குப் புதுசு"ன்னேன்!

"திங்கக்கெழமை காலைல மொத வேலையா அந்த ஆளுக்கு போன் போட்டு ஒழுங்கா கேளு"ன்னுட்டாரு.

திங்கக்கெழமை காலைல நான் போனத் தொடறதுக்குள்ள, ஷெட்டு வாசல்ல ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து நின்னுச்சு.

முன்னாடி குணசேகரன், புது வேட்டி சட்டையில. பின்னாடி டை கட்டின மெட்ராஸ் மேனேஜரு. அவரு பக்கத்துல குணசேகரனோட மாமனாரு. மாமனாரு மடியில ரோஜா மாலை!

ஜல்தியா எறங்கி வந்து மொதலாளிக்கு மாலையப் போட்டுட்டாங்க. அவரு மாலையோட என்னைப் பாத்தாரு. நான் டயர் அடுக்குக்குப் பின்னால போய் நின்னுக்கினேன்.

"இவ்ளோ பெரிய இன்ஸ்டலேஷன் தென்னாற்காட்டுலயே கெடையாது சார்"னாரு மேனேஜரு. "ஒரு தடவ சுத்திப் பாக்கலாங்களா?"

மொதலாளி ரூம தெறந்தாரு. ஏசி ஜில்லுனு அடிச்சுது. கீழ ரெண்டு டிரைவருங்க போர்வைக்குள்ள. மேஜை மேல ஒத்தை கம்ப்யூட்டரு. அதோட டிவி பெட்டி மேல ஒரு ஈரத் துண்டு காயுது.

மேனேஜரு உள்ள எட்டிப் பாத்தாரு. கதவுக்குப் பின்னாலயும் பாத்தாரு.

"யூசர்ஸ் எல்லாம் எங்க சார்?"

மொதலாளி கையத் திருப்பி வாட்ச பாத்தாரு. "ரோட்ல போய்க்கினு இருக்காங்க. மொத வண்டி ஆளுங்க இந்நேரம் விக்கிரவாண்டி தாண்டியிருப்பாங்க."

மேனேஜரு குணசேகரனப் பாத்தாரு, குணசேகரன் மொதலாளியப் பாத்தாரு. அப்பறம் எல்லாரும் ஒரே நேரத்துல என்னைத் தேடினாங்க. டயருக்குப் பின்னால இருந்து வெளிய வந்து, நடந்தத ஒளிக்காம சொன்னேன். உக்காந்துக்கினு அம்பத்திரண்டு, நின்னுக்கினு முப்பத்தெட்டு.

படுத்திருந்த டிரைவருங்க போர்வைக்குள்ளயே குலுங்க ஆரம்பிச்சாங்க. மேனேஜரு டைய தளர்த்திக்கினாரு. குணசேகரன் மட்டும் சிரிக்கல. மாமனாரு மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுத் தரையப் பாத்துக்கினு நின்னாரு. அந்தப் பிரியாணி அப்பத்தான் எனக்கு நெஞ்சுல வந்து நின்னுச்சு.

மொதலாளி மாலையக் கழட்டி கம்ப்யூட்டர் மேல போட்டாரு. "வந்தவங்கள சும்மா அனுப்பறதா? உக்காருங்க. டீ வரட்டும். சார், உங்க வெலைப் பட்டியல குடுங்க, எங்க ஆளு ஒருத்தனுக்கு எவ்ளோ ஆவுதுன்னு பாப்போம்."

அச்சடிச்ச பட்டியல். மேனேஜரு பெரிய எழுத்துல இருந்தத படிச்சாரு. மொதலாளி கீழ இருந்த பொடி எழுத்துல விரல வெச்சாரு. பர்மிட்டுப் பின்பக்கத்துல போட்டிருக்கற கண்டிஷனயெல்லாம் படிச்சே பழகின கண்ணு அது.

"கோபால வாங்கறதுக்கு ஒரு காசு போட்டிருக்கீங்க. கீழ ரன்டைம்னு இன்னொரு காசு போட்டிருக்குதே, அது இன்னாங்க?"

"அது வந்து சார், நீங்க கோபோல்ல எழுதற புரோகிராம ஓட்டறதுக்கு. ஒவ்வொரு மிஷினுக்கும் தனித்தனியா கட்டணும்."

"வண்டி வாங்கறதுக்கு ஒரு காசு, ரோட்ல ஓட்டறதுக்கு ஒரு காசு. சரி. நாளைக்கு திண்டிவனத்துல ஒரு மிஷின் போட்டாலும் அதுக்கும் கட்டணும்?"

"ஆமாங்க சார்."

"இந்த சி?"

"அதுக்கு ரன்டைம் கெடையாது. ஆனா ரிப்போர்ட் பண்றதுக்கெல்லாம் லைப்ரரின்னு ரெடியா எழுதின புரோகிராம தனியா வாங்கணும்."

"வண்டிய குடுத்துட்டு ஸ்டியரிங்க தனியா விக்கறீங்க. இந்த பாஸ்கலு?"

மேனேஜரு கொஞ்சம் இழுத்தாரு. "அது... ஒரு தடவ வாங்கினா போதும் சார். ரன்டைம் கெடையாது. எத்தன மிஷின்ல வேணா ஓட்டிக்கலாம். வெலையும் கம்மிதான். ஆனா கம்பெனி கணக்குக்கு கோபோல்தான்..."

"பாஸ்கலு ஒண்ணு குடுங்க."

நான் குறுக்க பாஞ்சேன். "மொதலாளி! எனக்கு கோபோல்தாங்க தெரியும்! எட்டு மாசம் படிச்சேன்!"

"டிரைவருக்கு புது வண்டி குடுத்தா ரெண்டு டிரிப்புல கை பழகிடறான். உனக்கு ரெண்டு மாசம் டைம் தர்றேன்."

அதோட, கம்பெனிக்கு வேண்டிய பிளாப்பி, ரிப்பன், பேப்பர் எல்லாம் இனிமே குணசேகரன்கிட்டதான்னு அவரு மாமனாரு காது கேக்க சொன்னாரு. குணசேகரன் நிமிந்து பாத்தாரு. மாமனாரு ரெண்டாவது டீ வாங்கிக் குடிச்சாரு.

கார்ல ஏறப்போன குணசேகரன் திரும்பி என்கிட்ட வந்தாரு. நாலு திட்டு திட்டப் போறாருன்னு தலைய குனிஞ்சுக்கினேன்.

"பாஸ்கலோட தடியா ஒரு புஸ்தகம் வரும் சார். புரியலன்னா திண்டிவனம் வாங்க, சேந்து படிக்கலாம். எனக்கும் தெரியாது."

ரெண்டு மாசம் நாலு மாசமாச்சு. ஞாயித்துக்கெழமை ஆனா திண்டிவனம் வண்டி ஏறினேன். ரெண்டு பேருமா தப்புத் தப்பா எழுதி, மொத டிரிப் ஷீட்ட வெளிய கொண்டாந்தோம். அதுல ஒரு வண்டி மட்டும் மைனஸ் கிலோமீட்டர்ல, ரிவர்ஸ்லயே ஓடினதா கணக்கு காட்டுச்சு. மத்ததெல்லாம் சரி.

கோபோல் சர்டிபிகேட்டு இன்னும் வீட்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்குது. புரோகிராம் எழுத எந்த பாஷை ஒசத்தின்னு இந்த காலத்துப் பசங்க மணிக்கணக்கா சண்டை போட்டுக்கறாங்க.

எதுக்கு மிஷினுக்கு மிஷின் வாடகை கட்ட வேணாமோ, அதாம்பா ஒசத்தி.