துரை உத்தரவு கொடுக்கவில்லை

அன்புள்ள மருமகன் ஹரிதாஸுக்கு,

மாமா இருளப்பன் ஆசிகளுடன் எழுதுவது. சிங்கப்பூரில் நீ உடம்பும் வேலையுமாக நன்றாயிருக்க முனியாண்டி துணை. இங்கே எஸ்டேட் லயத்து வீட்டில் நானும் உன் அத்தை திலகாவும் சுகம், என் இடுப்பைத் தவிர. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் தாளை எடுத்தேன்.

விஷயம் உன் மூன்று கம்பளி ஆடுகள், கிராணி, மினா, துரை. "டூரிஸ்டு வந்து படம் எடுப்பாங்க மாமா, கொஞ்ச நாளைக்குப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஆடு என்றால் புல் தின்னும், தூங்கும் என்று நம்பி நானும் தலையாட்டினேன். இவை அப்படியா இருக்கின்றன? அந்தக் கிராணி இருக்கிறாளே, ஆள் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி மாதிரியே காலையில் பெரட்டுக்குப் பெயர் கூப்பிடும் நேரத்தில் லயத்து வாசலில் போய் நின்றுகொண்டு, வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துத்தான் அனுப்புகிறாள். காய்ச்சல் என்று லீவு போட்ட யுவனேஸ்வரி, பூப்போட்ட சட்டையோடு தானா ராத்தா டவுனுக்குக் கிளம்பியபோது வழியை மறித்துக்கொண்டு நகரவேயில்லை. "கங்காணி, ஒங்க ஆடு என்னைய மொறைக்குதுலா" என்று அந்தப் பெண் என்னிடம் சண்டைக்கு வருகிறாள். மினா வேறு ரகம். அவளுக்குக் கால் வலித்தபோது நீ ரொட்டி கொடுத்துப் பழக்கினாய் அல்லவா, இப்போது ரொட்டியைக் கண்டாலே நொண்டுகிறாள். எந்தக் கால் என்பதுதான் அவளுக்கு ஞாபகம் இருப்பதில்லை.

துரையைப் பற்றி என்னத்தைச் சொல்ல? யாராவது குனிந்தால் அவனுக்குப் பொறுக்காது. செருப்பை எடுக்கக் குனிந்தேன், சௌசௌ பந்தலுக்குள் போய் விழுந்தேன். "ஒன்னு ஆட்ட அனுப்புங்க, இல்ல என்னைய எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்புங்க" என்கிறாள் உன் அத்தை. அந்த நேரம் பார்த்துக் கோயில் தலைவர் கந்தசாமி வந்து, "முனியாண்டி பூசைக்குக் கெடா கெடைக்கலலா, துரைய குடுத்துருங்களேன்" என்றார். "கூட்டிட்டுப் போங்க" என்றது என் இடுப்பு. உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான், ஆனால் உனக்கு நீல டிக்தானே போட வரும்.

பூசையில் மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம், அப்புறம்தான் வெட்டு. துரை உதறவில்லை. குடம் குடமாக ஊற்றினார்கள். அவன் மஞ்சளாகி, கழுத்து மாலையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தான். "சாமிக்கு ஏதோ கொறை இருக்கு, தப்பு செஞ்சவங்க ஒத்துக்குங்க" என்று கந்தசாமி கத்தினார். யுவனேஸ்வரி, காய்ச்சல் பொய் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னும் நாலு பேர் போட்டுக்கொண்டார்கள். அப்போதும் அவன் அசையவில்லை. கடைசியில் பூசாரி ரோமத்துக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள ஒரு சொட்டுகூட எறங்கலலா! ரோமத்த வெட்டிட்டு அடுத்த வெள்ளிக்கெழம கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஆகவே ஹரிதாஸ், ரோமம் வெட்டும் மிஷினை எங்கே வைத்தாய் என்று உடனே சொல். மற்ற இரண்டையும் நீயே வந்து ஏற்றிக்கொண்டு போ. எனக்குத் தெம்பில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் அம்மாவுக்கு வாரம் ஒரு தடவையாவது போன் போடு. அத்தை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் மாமா இருளப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அத்தை மிஷினைக் கண்டுபிடித்துவிட்டாள், உன் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. யார் கேட்டாலும் அது உன்னோடு சிங்கப்பூரில் இருக்கிறது, சரியா? கோயிலுக்கு அத்தையின் சேவலைக் கொடுக்கிறோம், அவளே சொல்லிவிட்டாள். கங்காணியாக இருந்த காலமெல்லாம் எல்லார் உத்தரவுக்கும் தலையாட்டியவன் நான். ஊரே சுற்றி நின்று கேட்டும் துரை ஆட்டவில்லையே! கோயிலிலிருந்து திரும்பி வரும்போது ஈர மூஞ்சியை என் தொடையில் வைத்துக்கொண்டே நடந்தான், எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ வந்து எதையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம். மிஷினை இன்னும் உள்ளே தள்ளி மறைக்கலாம் என்று கட்டிலுக்கடியில் குனிந்தேன். துரை பின்னால் நின்றதை நான் பார்க்கவில்லை. இடுப்புக்குத் தைலம் மட்டும் அனுப்பு, பெரிய பாட்டிலாக.