லொறியில் வர வேண்டிய வீடு

“கன்னிமூலை பள்ளமாக் கிடக்கு, மச்சான்,” என்றான் விஜிதரன்.

தன் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்தது அவனுக்கே வியப்பாக இருந்தது. சுவிசில், ஓல்டன் நகரில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குகிற அவனுக்கு வாஸ்துவின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. காலையில் ரயிலில் வரும்போது கைபேசியில் படித்ததுதான்.

அவன் நின்றது மனைவி சிவரூபினியின் அண்ணன் சிறீதரனுடைய வீட்டுத் தோட்டத்தில். தங்கச்சி வாடகை வீட்டிலேயே கிழவியாகிவிடக் கூடாது என்று சிறீதரன் அதில் பாதியைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அங்கே வரப்போவது கல்வீடு இல்லை. சுவர், கூரை, குசினி எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே பூட்டி, லொறியில் ஏற்றிவந்து, இரும்புக் கால்களின் மேல் ஒரே நாளில் இறக்கிவிட்டுப் போகும் மரவீடு. விலை பாதி. படத்தைப் பார்த்த நாளிலிருந்து சிவரூபினி திரைச்சீலைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சரி. வீடு விற்கும் பூர்கி என்ற சுவிஸ்காரர்தான் ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு ஒன்றைக் கேட்டார்.

“உங்கள் பெட்ரைபுங் சான்று எப்போது வரும், ஹெர் விஜிதரன்? அது இல்லாமல் வங்கி வாய் திறக்காது.”

கடனைக் கட்டாதவர்களின் பெயரைப் பதிந்து வைக்கிற அலுவலகம் ஒன்று அந்த நாட்டில் இருக்கிறது. நம் பெயர் அங்கே இல்லை என்று காட்டுவதுதான் அந்தச் சான்று. விஜிதரனின் பெயர் அங்கே இருந்தது, நன்றாகவே இருந்தது. நண்பன் கோபிசன் சாமான் ஏற்றுகிற தொழில் தொடங்கக் கடனில் வான் வண்டி எடுத்தபோது, “சும்மா ஒரு கையெழுத்துத்தானே” என்றான். இவனும் சும்மா போட்டான். வான் ஓடியது, தொழில் ஓடவில்லை. இப்போது விஜிதரன் யாருக்கும் தெரியாமல் மேலதிக நேரம் வேலை செய்து அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“எங்கட ஆள் ஒருத்தரிட்டயும் கடன் எண்டு போய் நிக்காது” என்று சிவரூபினி காண்பவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற பெருமையை இழக்க அவனுக்குப் பயம். வீடு போனால் வேறு வீடு பார்க்கலாம். அவள் முகம் மாறினால் என்ன செய்வது?

இதில் கோபிசனின் மனைவி மதுஜாவும் சிவரூபினியும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு பேருக்கும் வெவ்வேறு மாடியில் வேலை விழவேண்டும் என்று அவன் கும்பிடாத சாமி இல்லை.

ஆகவேதான் கன்னிமூலை பள்ளமானது.

“அப்பிடியோ?” என்று சிறீதரன் தாடையைச் சொறிந்தார். “பாப்பம்.”

அடுத்த சனிக்கிழமை அவர்கள் போனபோது தோட்டத்தில் ஒரு குன்று மண் நின்றது. கட்டட வேலை செய்கிற கூட்டாளியிடம் சொல்லிச் சிறீதரன் இறக்கியிருந்தார்.

“வாங்கோ மச்சான், நிரப்புவம். உங்களால பெரியதொரு பிழையில இருந்து தப்பினம்.”

விஜிதரன் மாலைவரை மண் அள்ளினான். ரயிலில் திரும்பும்போது அவனால் இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

“பாவம், வீட்டில எவ்வளவு ஆசை உங்களுக்கு,” என்று சிவரூபினி அவன் முதுகைத் தடவிவிட்டாள். அது முதுகு வலியைவிட அதிகமாக வலித்தது.

அடுத்த தடவை, பூர்கியின் அலுவலகத்தில், அவன் வாசலைப் பிடித்தான்.

“வாசல் தெற்குப் பக்கம் வருது. அது ஆகாது.”

சிறீதரன் அதைப் பூர்கிக்கு ஜெர்மனில் விளங்கப்படுத்தினார். பூர்கி சற்றும் அசரவில்லை. மேசையில் கிடந்த படத்தை எடுத்து அப்படியே திருப்பி வைத்தார்.

“லொறியில் வருகிற வீடு. கிழக்கே பார்க்கட்டும் என்றால் கிழக்கே பார்க்கும். திருப்பி வைப்பதற்குக் காசு இல்லை. அந்தச் சான்று?”

“வருது, வருது,” என்றான் விஜிதரன்.

இனிச் சாதகம் ஒன்றுதான் மிச்சம். “எனக்கு இப்ப வீடு கட்டுற பலன் இல்லைப் போல,” என்று அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்.

“அப்ப ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் ஐயரிட்டக் கேப்பம்,” என்றாள் சிவரூபினி.

விஜிதரன் வெள்ளிக்கிழமையே தனியாகப் போனான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“ஐயா, ஞாயிறு நாங்கள் குடும்பமா வருவம். ஒரு நாளும் சரிவராது எண்டு சொல்லிவிட்டால் காணும்.”

ஐயர் பழத்தை வாங்கினார், திருநீறு தந்தார், “பாப்பம் தம்பி” என்றார். விஜிதரன் பல நாட்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“வீடு வைக்க இப்பிடியொரு சாதகம் நான் சுவிசில பாக்கேல்லை. வாற சனி காலமையே கால்கோள் செய்யலாம்.”

விஜிதரன் அவரை முறைத்தான். வாழைப்பழத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்றுகூட இருந்தது.

“ஒண்டு மட்டும்,” என்றார் ஐயர், எங்கேயோ பார்த்தபடி. “மனசுக்குள்ள ஒண்டை வைச்சுக்கொண்டு தேங்காய் உடைக்கக் கூடாது. வீட்டுக்கு ஆகாது.”

சனிக்கிழமை தோட்டத்தில் வாழையிலை விரித்துக் கும்பம் வைத்தாயிற்று. சிறீதரன் வேட்டியில், ஐயர் ஒரு தடித்த குளிர் மேலங்கிக்குள், பூர்கி நெற்றி நிறையச் சந்தனத்தோடு நின்றார்கள். சிவரூபினி பட்டுச் சேலையில் வந்து, அந்த வெறும் புல்தரையில் ஓரிடத்தைக் காட்டினாள்.

“இஞ்சதான் குசினி யன்னல் வரும், என்னப்பா? தேத்தண்ணி போடேக்க மலை தெரியும்.”

ஐயர் விஜிதரனின் கையில் தேங்காயை வைத்தார். அவன் கையை உயர்த்தினான். கை இறங்க மறுத்தது.

“என்னால ஏலாது,” என்றான். “ரூபி, இந்த வீடு வராது. என்ர பேர் பெட்ரைபுங்கில கிடக்கு. கோபிசன்ர வானுக்கு நான்தான் பிணை நிண்டனான். பள்ளம், வாசல், சாதகம் எல்லாம் நான் சொன்ன பொய். கடன் வந்ததைவிட, உமக்குச் சொல்லாமல் விட்டதுதான் என்னைத் தின்னுது.”

பக்கத்துப் பண்ணையில் மாட்டு மணி கேட்டது. விஜிதரன் தேங்காயைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவு இல்லை.

சிவரூபினி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “தேங்காயை உடையுங்கோ, நேரம் போகுது,” என்றாள்.

“எப்பிடி உடைக்கிறது? வங்கி தராதே.”

“மதுஜாவுக்கும் எனக்கும் ஒரே மாடியிலதானப்பா வேலை,” என்றாள் அவள். பூர்கியைப் பார்த்துத் தலையாட்டினாள். பூர்கி கைபேசியை எடுத்து, “புறப்படலாம்,” என்று யாருக்கோ சொன்னார்.

“என்ன புறப்படலாம்?” என்றான் விஜிதரன்.

பூர்கி சந்தனம் கண்ணில் வழியாமல் துடைத்துக்கொண்டு, வழக்கமான சிரித்த முகத்தோடு சொன்னார்:

“உங்கள் வீடுதான், ஹெர் விஜிதரன். உங்கள் மனைவியும் அவர் அண்ணனும் வங்கியில் கையெழுத்துப் போட்டு, போன மாதமே தயாராகிவிட்டது. நீங்களாக இதைச் சொல்லும்வரை லொறியை அனுப்பக் கூடாது என்பதுதான் ஒப்பந்தத்தில் உங்கள் மனைவி போட்ட ஒரே நிபந்தனை.”